தாத்தாவைப் பற்றி நாலு வரி

கேள்வி: என் தாத்தா இறந்து பத்து மாதம் ஆகிறது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, கூடலூர் சேரம்பாடி பக்கம் டேன்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்தில், டீச்செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆளாக இருந்தவர். ரிடையர் ஆன பிறகும் தனியார் தோட்டங்களில் கூலிக்குப் போனார். வருஷ நினைவுக்கு பிளெக்ஸும் பேப்பரில் அஞ்சலியும் போட வேண்டும் என்கிறார் சித்தப்பா. டிகிரி படித்தவன் என்று என்னைத்தான் நாலு வரி எழுதச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் ‘கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் நான். இறப்பதற்கு நாலு நாள் முன்னால் போன் பண்ணினார், வேலையில் இருந்தேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன், கூப்பிடவே இல்லை. எனக்குப் பாசமே இல்லையோ? அப்பாவும் இந்த வருஷம் ரிடையர், தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாயியும் என்னோடு வரப்போகிறார். தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அத்தை.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பாசக் கணக்கை முடித்துவிடுவோம். பாசம் இல்லாதவன் நாலு வரி வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுத மாட்டான். போனில் தேடி, ‘நீங்கள் மறைந்தாலும் உங்கள் நினைவுகள் மறையாது’ என்பதை எடுத்துப் போட்டுவிட்டு அவன் வேலையைப் பார்ப்பான். உங்களுக்கு வார்த்தை வராததற்குக் காரணம் வேறு. உழைப்பாளி உழைப்பாளி என்கிறோமே, அந்த மனிதர்கள் உழைப்பதை வீட்டில் இருக்கிற யாரும் பார்ப்பதில்லை. இருட்டில் கிளம்பிப் போவார்கள், ஈரத்தோடு வருவார்கள், சாப்பிட்டுவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். நீங்கள் பதினெட்டு வருஷம் பார்த்தது அந்தக் கம்பளியைத்தான்.

என் அப்பாவும் அப்படித்தான். குன்னூரில் ஒரு டீ பாக்டரியில் ராத்திரி ஷிப்ட். எனக்குத் தெரிந்த அப்பா பகலில் தூங்குகிறவர், சத்தம் போட்டால் திட்டுகிறவர், அவ்வளவுதான். அவர் போனதும் ஸ்டூடியோவில் அவர் படத்துக்கு நீலக் கோட்டும் டையும் மாட்டி பிரேம் போட்டுக் கொடுத்தார்கள். குளிருக்குப் போடுகிற பழைய கோட்டு ஒன்று இருந்தது, அது வேறு கதை. டை கட்டி நான் பார்த்ததே இல்லை. பதினாறாம் நாள் வந்திருந்த, பாக்டரியில் தூளைக் காய வைக்கிற டிரையர்காரர் ஒருவர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தூளைக் கையில எடுத்து மோந்து பாத்தே சூடு கூடிப்போச்சுன்னு சொல்லிடுவாரும்மா” என்றார். முப்பது வருஷம் அவர் மகளாக இருந்த எனக்கு அது தெரியாது.

அதனால் எழுதுவதை இப்போதைக்கு விடுங்கள். இரண்டு நாள் லீவு போட்டு, வீட்டைக் காலி செய்வதற்கு முன்னால், மலைக்கு ஏறுங்கள். திருப்பூருக்கு வந்த பிறகு அப்பாயியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த அடுப்பும் வாசலும் கண்ணில் இருக்கும்போது வருகிற பேச்சு, மூன்றாவது மாடி வாடகை வீட்டில் வராது.

அப்பாயியிடம் ‘தாத்தா எப்படிப்பட்டவர்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தங்கமான மனுஷன் என்பார், அழுவார், முடிந்தது. விடிகாலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போகும்போது என்ன கட்டிக் கொடுத்தீர்கள், தேங்காய் ரொட்டியா, கூட என்ன சம்பல், மழையில் எதைப் போர்த்திக்கொண்டு போவார், அட்டை கடித்தால் என்ன தடவுவார், அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் விழுந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து யார் மேல் எரிந்து விழுவார், இப்படிக் கேளுங்கள். போனை ரெக்கார்டில் போட்டு அடுப்புப் பக்கம் சும்மா வைத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் பேசவே மாட்டார். குடித்திருந்தால், கை நீட்டியிருந்தால் அதுவும் வெளியே வரும், தடுக்காதீர்கள். பிளெக்ஸில் போட வேண்டியதில்லை, ஆனால் பேரனுக்குத் தெரிந்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் கப்பல். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. சந்தையில் மூட்டை பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தையே தொடங்கினார்கள், அதுதான் பிறகு டேன்டீ ஆனது. இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து கோச்சி, அதாவது ரயில், ஏறினார், யார் வழியனுப்ப வந்தது, கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்க வைத்த மண்டபம் கேம்பில் எத்தனை நாள், சேரம்பாடிக்கு வந்த முதல் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் அப்பாயியிடம் மட்டும்தான் இருக்கிறது. தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தியாவுக்கு வருகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை அடியில் கிடக்கலாம். வீடு மாறும்போது இந்த மாதிரிக் காகிதங்கள்தான் முதலில் குப்பைக்குப் போகும். அதில் படம் ஒட்டியிருந்தால் பிளெக்ஸுக்கு அதையே கொடுங்கள், கோட்டுப் போட்ட தாத்தாவிடமிருந்து தப்பிக்கலாம்.

அடுத்தது, கூட வேலை பார்த்தவர்கள். இரண்டு பேராவது லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருப்பார்கள். டீச்செடியை வெட்டாமல் விட்டால் மரமாகப் போய்விடும் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பு உயரத்துக்குள் வைத்திருப்பதால்தான் பெண்களால் கொழுந்து எடுக்க முடிகிறது. வெட்டு சாய்வாக, ஒரே இழுப்பில் விழ வேண்டும். கட்டை பிளந்தால் தண்ணீர் இறங்கி அழுகும். சரிவில் காலை ஊன்றிக்கொண்டு, குனிந்த முதுகோடு, செடி செடியாக. உங்கள் தாத்தா வெட்டினால் எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை செடி, கங்காணியிடம் அவருக்கு என்ன பேர் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் காடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இலையை விலக்கிவிட்டு அடியில் பார்த்தால் பழைய வெட்டு வாய்கள் முண்டு முண்டாக மூடிக் கிடக்கும். அதில் எது அவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது, பரவாயில்லை, பார்த்துவிட்டு வாருங்கள். விடிகாலையில் தனியாகப் போக வேண்டாம், யானை நிற்கிற இடம்.

போன் விஷயத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. கூப்பிடாதது தப்புதான். ‘அவர் உங்களை மன்னித்திருப்பார்’ என்று நான் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் அன்றைக்கு எதற்குக் கூப்பிட்டார் என்று அப்பாயிக்குத் தெரிந்திருக்கும், கேட்டுவிடுங்கள். ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதற்காக இருக்கலாம், சிலிண்டர் பதிய நம்பர் தெரியாமல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், பத்து மாதமாக நீங்கள் மனதில் ஓட்டிக்கொண்டிருப்பதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் செய்த பிறகு நாலு வரி தானாக வரும். உழைப்பாளி என்ற சொல் அதில் வேண்டாம். ‘அவர் வெட்டினால் கட்டை பிளக்காது’ என்று பக்கத்து லயத்துக்காரர் சொன்னால் அதை அப்படியே போடுங்கள். ‘என்னடா இது, கவிதை மாதிரி ஒன்னும் இல்லையே’ என்பார் சித்தப்பா. பிளெக்ஸை அவரிடமே விட்டுவிடுங்கள், புறா, ரோஜாப்பூ எல்லாம் போட்டுக்கொள்ளட்டும். பேப்பர் அஞ்சலியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படையலில் ரொட்டியும் சம்பலும் இருக்கட்டும்.

கத்தியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம் என்று அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் தீட்டிய கல்லும் வாசல் பக்கம் எங்கேயாவது கிடக்கும், நடுவில் குழிந்து போயிருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மேலே கோணியைச் சுற்றிக் கட்டுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது யாராவது கேட்டால் தாத்தாவுடையது என்று சொல்லுங்கள்.