பாத்ரூமைப் புதுப்பித்தால் கூலிக்கும் சேல்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பழைய பாத்ரூமை முழுக்க இடித்துவிட்டு டப், கமோடு, வாஷ்பேசின், டைல்ஸ் எல்லாம் புதிதாகப் போடப் போகிறோம். காண்ட்ராக்டர் 18,000 டாலருக்குக் கொட்டேஷன் கொடுத்து, அதன் கீழே 6.625 சதவீத சேல்ஸ் டாக்ஸ் என்று 1,192.50 டாலரும் சேர்த்திருக்கிறார். பொருளுக்கு வரி, சரி. கூலிக்கும் உண்டா?

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. இந்த 1,192.50-இல் பெரும்பகுதி நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை.

நியூ ஜெர்சியில் வீட்டு வேலைகளை வரித்துறை இரண்டாகப் பிரிக்கிறது. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, டைல்ஸ் இடுக்கில் பூச்சு போனதைத் திரும்பப் பூசுவது போன்றவை ரிப்பேர், பராமரிப்பு. இவற்றின் கூலிக்கு வரி உண்டு. வீட்டின் மதிப்பையோ ஆயுளையோ கூட்டி, கட்டடத்தோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும் வேலை 'கேப்பிட்டல் இம்ப்ரூவ்மெண்ட்'. அதன் கூலிக்கு, சில விதிவிலக்குகள் தவிர, வரி கிடையாது. முழுக்க இடித்துக் கட்டும் உங்கள் பாத்ரூம் இந்த இரண்டாவது வகை.

ஆனால் விலக்கு தானாக வந்துவிடாது. எஸ்டி-8 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு நீங்கள்தான் காண்ட்ராக்டரிடம் கொடுக்க வேண்டும். அதை அரசுக்கு அனுப்ப வேண்டாம், அவர் கோப்பில் இருந்தால் போதும். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் கூலிக்கு வரி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அவர் நிலைமை. ஆகவே வரி போட்டிருக்கிறாரே என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம், படிவத்தோடு போங்கள்.

சரி, பொருளுக்கான வரி? டப்பும் டைல்ஸும் வாங்கும்போதே காண்ட்ராக்டர் கடையில் 6.625 சதவீதம் கட்டிவிடுகிறார். அந்தச் செலவு அவர் சொன்ன 18,000-க்குள்ளேயே இருக்கிறது. மொத்தத் தொகைக்கு மேல் மறுபடி வரி போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை கட்டுகிறீர்கள். உங்கள் கொட்டேஷனில் எனக்கு உறுத்துவது இதுதான்.

இனி விதிவிலக்கு. கார்ப்பெட் உட்படத் தரை போடும் வேலை கேப்பிட்டல் இம்ப்ரூவ்மெண்டாக இருந்தாலும் நியூ ஜெர்சியில் அதன் கூலிக்கு வரி உண்டு. சுவர் டைல்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, தரைக்கு மட்டும்தான். அதனால் தரை போடும் கூலியைக் கொட்டேஷனில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உதாரணமாக அது 1,200 டாலர் என்றால் வரி 79.50 டாலர். அவர் கேட்ட 1,192.50-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! ஆணியில் மாட்டும் கண்ணாடி, சும்மா தூக்கி வைக்கும் அலமாரி போன்றவை கட்டடத்தோடு சேராதவை, அவற்றுக்கும் வரி உண்டு.

பொருளை நாமே வாங்கிக் கொடுத்தால் மிச்சமாகுமே என்று சிலர் கேட்பார்கள். கடையில் எஸ்டி-8 செல்லாது, முழு வரியும் கட்ட வேண்டும். டெலவேரில் சேல்ஸ் டாக்ஸே இல்லையே, வண்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கே வாங்கினால்? வாங்கலாம்தான். ஆனால் பொருளை நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து பயன்படுத்தினால் அதே 6.625 சதவீதம் 'யூஸ் டாக்ஸ்' ஆகக் கட்ட வேண்டும். மாநில வருமான வரிப் படிவத்திலேயே அதை எழுத ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். (பலர் அதில் சுழியம் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது வேறு கதை.)

இந்தக் கணக்கை மற்ற மாநில நண்பர்களுக்கு அப்படியே சொல்லிவிடாதீர்கள். நியூயார்க்கில் படிவம் எஸ்டி-124. அங்கே ரிப்பேர் என்று முடிவானால் பொருள், கூலி இரண்டுக்கும் சேர்த்து வரி, நியூயார்க் நகரத்தில் அது 8.875 சதவீதம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும் கூலிக்கு வரி இல்லை. ஒப்பந்தத்தில் பொருளும் கூலியும் தனித்தனியாக இருந்தால் பொருளுக்கு மட்டும் உங்களிடம் வரி வாங்குவார்கள், ஒரே தொகையாக இருந்தால் பில்லில் வரியே வராது.

நீங்கள் செய்ய வேண்டியது, கொட்டேஷனைத் திருத்தி எழுதி வாங்குவது. 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு நியூ ஜெர்சியில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்பதால் அவர் மறுக்க முடியாது. பில்களைப் பத்திரப்படுத்துங்கள்; வீட்டை விற்கும்போது இந்தச் செலவை, அதிலுள்ள வரியோடு, வாங்கிய விலையுடன் கூட்டி லாபத்தைக் குறைத்துக் காட்டலாம். ஒருவேளை முன்பணத்தோடு வரியையும் கட்டிவிட்டீர்கள் என்றால், எஸ்டி-8 கொடுத்துக் காண்ட்ராக்டரிடமே முதலில் திருப்பிக் கேளுங்கள். அவர் கைவிரித்தால் ஏ-3730 படிவத்தில் மாநில வரித்துறையிடம் நேரடியாகக் கேட்கலாம். அதற்கு 4 ஆண்டு அவகாசம் இருக்கிறது.