சுசீந்திரம் துவாரபாலகரும் கொலம்பியா காவல் சிலையும்

கேள்வி: அண்ணாச்சி, சுசீந்திரம் கோயில்ல இருக்க துவாரபாலகர் மாதிரி காவல் சிலைங்க வெளிநாட்டுல எங்கயாவது உண்டா? (கல்லூரி மாணவி, தக்கலை)

பதில்: உண்டு மக்கா! தென் அமெரிக்காவுல கொலம்பியா மலைப்பக்கம் சான் அகஸ்டின்னு ஒரு ஊரு, கொலம்பஸ் அந்தப் பக்கம் போறதுக்கு பல நூறு வருசம் முன்னாடியே, கி.பி. 1-லேந்து 8-ம் நூற்றாண்டுக்குள்ள, எரிமலைக் கல்லுல செதுக்குன சிலைங்க அங்க நூத்துக்கணக்குல இருக்கு. ஆனா அது கோயில் வாசல் இல்ல, கல்லறை. பலகைக்கல்ல நிறுத்தி அறை கட்டி, நடுவுல ஒரு பெரிய சிலை, ரெண்டு பக்கமும் தடியப் புடிச்சிட்டு காவக்காரங்க, மேல மண்ணக் கொட்டி மேடாக்கிருவாங்க. போட்டோ கெடச்சா அந்தக் காவக்காரன் தலைக்கு மேல பாரு, இன்னொரு உருவம் அவன் முதுகுல தொத்திட்டு எட்டிப் பாக்கும், அது அவனோட காவல் ஆவின்னு ஆய்வாளருங்க சொல்லுதாங்க. நெறைய சிலைக்கு ஜாகுவார்ங்கற அந்த ஊரு சிறுத்தை மாதிரி கோரப்பல்லு வேற. நம்மூர்ல சாமிக்கு காவல், அங்க செத்தவங்களுக்கு காவல், எனக்கு அதுதான் மனச ரொம்பத் தொட்டுச்சு. ரெண்டுக்கும் பூர்வீகத் தொடர்புன்னு வாட்ஸ்அப்புல வந்தா நம்பிராத, அதுக்கு ஆதாரம் கெடையாது. 1995-ல சான் அகஸ்டின யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னாடி பிராய்ஸ்ங்கற ஜெர்மன் ஆய்வாளர் தோண்டி எடுத்த சிலைங்க கொஞ்சம் பெர்லினுக்குப் போயிட்டு, கொலம்பியாக்காரங்க திருப்பிக் கேக்காங்க, குடுத்துரணும்னுதான் நானும் சொல்லுவேன்.