பாலைவனமும் பாலைவனமாதலும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்கு ஒரு புவியியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: பாலைவனம் என்றதும் மாணவர்கள் மணற்குன்றையும் ஒட்டகத்தையும் மட்டுமே வரைகிறார்கள். பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மழையளவிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறோம். அந்தக் கணக்கின்படி பனி மூடிய அண்டார்டிகாதான் உலகிலேயே பெரிய பாலைவனம் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சகாராவிலும் மணற்பரப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எஞ்சியது பெரும்பாலும் பாறையும் சரளையும்.

கேள்வி: மணல் நகர்ந்து வந்து வயலை மூடுவதுதானே பாலைவனமாதல்?

பதில்: மணல் மூடும் இடங்களும் உண்டு, ஆனால் வறள்நிலங்களில் மண் கெட்டு விளைதிறன் குன்றுவதையே, அதற்குக் காரணம் தட்பவெப்ப மாற்றமாயினும் மனிதச் செயலாயினும், 1994ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை பாலைவனமாதல் என்கிறது. ஆகவே அது பாலைவனத்தின் எல்லையிலிருந்து வெகுதொலைவிலும் நிகழலாம். மத்திய ஆசியாவின் ஆரல் கடலைக் காட்டுங்கள். 1960களிலிருந்து பருத்திப் பாசனத்துக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பெருமளவில் திருப்பப்பட்டதால் கடல் சுருங்கியது. உஸ்பெகிஸ்தானின் துறைமுகமாயிருந்த முய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் இன்று மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. வறண்ட கடற்படுகையிலிருந்து காற்று அள்ளிவரும் புழுதியில் உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்திருக்கின்றன.

கேள்வி: மரம் நடுவதே தீர்வு என்று எழுதினால் மதிப்பெண் தரலாமா?

பதில்: பாதி தரலாம். நட்ட கன்று பிழைக்க நீரும் காவலும் வேண்டும். நைஜரின் மராடிப் பகுதியில் 1980களில் வெற்றி கண்ட வழி வேறு: வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள வேர்களிலிருந்து எழும் துளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழித்து உழவர்களே வளர்த்தெடுத்தார்கள். புர்க்கினா பாசோ நாட்டு உழவர் யாக்கூபா சவடோகோவோ, ‘சாய்’ எனப்படும் பழைய குழிமுறையைச் செம்மைப்படுத்தினார். இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டி எருவிட்டால், அதைத் தேடி வரும் கரையான்கள் மண்ணைத் துளைக்கும். முதல் மழையின் நீர் அத்துளைகள் வழியே உள்ளிறங்கும். கரையான் உழவனுக்குத் துணைநிற்கும் இந்தக் கட்டத்தை மாணவர்கள் மறப்பதே இல்லை.

கேள்வி: அப்படியானால் பாலைவனங்களையே பசுமையாக்கிவிடலாமே?

பதில்: வேண்டாம். இயற்கைப் பாலைவனம் நோயன்று. சாட் நாட்டின் போதேலே தாழ்நிலத்திலிருந்து எழும் தூசு அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டுக்குப் பாஸ்பரஸ் சேர்க்கிறது.

கேள்வி: செலவில்லாத செய்முறை ஒன்று கூறுங்கள்.

பதில்: இரண்டு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றில் மட்டும் கேழ்வரகு விதைத்து, வேர் பின்னும்வரை காத்திருங்கள். பிறகு இரண்டையும் ஒரே சாய்வில் வைத்துப் பூவாளியால் நீர் ஊற்றி, வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து அசையாமல் வைத்தால், வெற்று மண்ணின் குவளையில் வண்டல் தடிமனாகப் படியும். அந்த வண்டலை அளவுகோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். வெறுமனே பார்த்துவிட்டுப் போக விடாதீர்கள்.