ஒரு மேக்னெட்டோவை அணைத்ததும் இன்ஜின் எப்படிச் சரியானது?

கேள்வி: செஸ்னா 172எஸ் விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். போன வாரம் 4,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் திடீரென்று உதற ஆரம்பித்தது, ஆர்.பி.எம்.மும் இறங்கியது. பயிற்சியாளர் சாவியை ‘லெஃப்ட்’டுக்கு, அதாவது பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ இரண்டில் இடதுபக்கத்தது மட்டும் ஓடும் நிலைக்குத் திருப்பினார், உதறல் நின்றுவிட்டது. இரண்டு மேக்னெட்டோ ஓடும்போது இல்லாத நிதானம் ஒன்று மட்டும் ஓடும்போது எப்படி வந்தது? நான் தனியாகப் பறக்கும்போது இப்படி ஆனால்? (வாசகர், சேலம்)

பதில்: தம்பி, முழுசாகச் செத்துப்போன மேக்னெட்டோவால் பெரிய தொந்தரவு கிடையாது. கோளாறோடு ஓடிக்கொண்டிருக்கிற மேக்னெட்டோதான் பாடாய்ப் படுத்தும். உங்கள் இன்ஜினில் 4 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 2 பிளக், ஆக 8 பிளக்கில் நான்கை ஒரு மேக்னெட்டோவும் மற்ற நான்கை இன்னொன்றும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று நின்றுபோனால் சிலிண்டருக்குள் தீ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பரவும், எரிய கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், சக்தி லேசாகக் குறையும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, பொறி தப்பான நேரத்திலோ தப்பான சிலிண்டருக்கோ போனால், பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே தீப்பிடித்து அதைக் கீழே தள்ளப் பார்க்கும். நல்ல மேக்னெட்டோ இழுக்கிற பக்கத்துக்கு எதிராக இது இழுக்கும். கெட்டதை வெட்டிவிட்டதும் நல்லது நிம்மதியாக வேலை செய்கிறது. உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

தனியாக இருக்கும்போது முதல் வேலை விமானத்தை ஓட்டுவது. மூக்கைச் சரிசெய்யுங்கள், வேகத்தைப் பாருங்கள் (சக்தி மொத்தமாகப் போனால் 172எஸ்-க்கு 68 நாட்), எங்கே இறங்கலாம் என்று கண்ணில் ஒரு இடம் பிடியுங்கள், அப்புறம் சாவிக்குக் கை போகட்டும். இரண்டும் ஓடும் ‘போத்’ நிலையிலிருந்து இடப்பக்கம் ஒரு ‘டக்’ லெஃப்ட், இரண்டாவது ‘டக்’ ரைட், மூன்றாவது ஆஃப், அதனால் எண்ணித் திருப்புங்கள். தரையில் இன்ஜின் அணைந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இதைப் பழகலாம். ஒரு பக்கம் திருப்பியதும் இன்ஜின் சுத்தமாக அடங்கிப்போனால் பதற வேண்டாம், கோளாறு அந்தப் பக்கம். த்ராட்டிலைக் குறைத்துவிட்டு சாவியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எரியாமல் சைலன்சருக்குள் போன பெட்ரோல் ‘டமார்’ என்று வெடிக்கும். மிக்சரை (காற்று-பெட்ரோல் கலவைக் கட்டுப்பாடு) பெட்ரோல் கூடும் ‘ரிச்’ பக்கம் தள்ளி, சக்தியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எந்த மேக்னெட்டோவில் நன்றாக ஓடுகிறதோ அதிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்தில் உள்ளது என்றால் பக்கத்தில் உள்ளதுதான், உங்கள் ஊர் இல்லை. ‘இப்போ சரியாயிருக்குமோ’ என்று வழியில் மறுபடி போத்துக்குப் போய்ப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பறப்பதற்கு முன் தரையில் செய்யும் ரன்-அப் சோதனையில் 1,800 ஆர்.பி.எம்.மில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாகப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆர்.பி.எம். கொஞ்சம்கூட இறங்கவில்லை. ‘இன்ஜின் அருமையான கண்டிஷன்’ என்கிறான் நண்பன். (வாசகர், கோவை)

பதில்: இல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 172எஸ்-இல் 150-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது என்பதை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள், இறங்கவே இல்லை என்றால் என்ன என்பதை மறந்துவிடுகிறார்கள். அணைந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிற மேக்னெட்டோ அணையவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, சுற்றினால் பொறி வரும். அதை அடக்கி வைப்பது எர்த்துக்குப் போகிற ஒரே ஒரு ஒயர், பி-லீட் என்போம். அது அறுந்தால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் இன்ஜினுக்கு உயிர் உண்டு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹேங்கரில் என் கண்ணெதிரே நடந்தது. விமானத்தைத் தள்ளுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று உதவியாளப் பையன் புரொப்பெல்லரைக் கையால் லேசாக ஒதுக்கினான். உள்ளே ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், உடனே ஒரே ஒரு உதை. பிளேடு அவன் முழங்கைக்கு நாலு விரற்கடை தூரத்தில் போனது. ஒயரைப் பார்த்தால் வெளியே உறை பளிச்சென்று இருந்தது, திருகாணிக்குப் பக்கத்தில் உள்ளே கம்பி அறுந்திருந்தது. இன்றைக்கும் எந்த புரொப்பெல்லரையும் ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைத்துத்தான் சுற்றி வருகிறேன். நீங்கள் விமானத்தை நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அளவுக்கு மேல் இறங்கி உதறினால் அது வேறு கதை. 100எல்எல் பெட்ரோலில் இருக்கிற ஈயம் பிளக்கில் படிந்திருக்கலாம். மிக்சரை லீன் செய்து, அதாவது பெட்ரோலைக் குறைத்து, கொஞ்ச நேரம் ஓட்டினால் பல தடவை எரிந்து போய்விடும். போகவில்லையென்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

கேள்வி: மகள் விமானப் பயிற்சியில் இருக்கிறாள். கார்களே எலக்ட்ரானிக்குக்கு மாறிவிட்டபோது விமானத்தில் ஏன் பழைய மேக்னெட்டோ? (வாசகி, மதுரை)

பதில்: பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டும் போய் ரேடியோகூட அணைந்தாலும் இன்ஜின் ஓட வேண்டும் அம்மா, அதற்காகத்தான். ரோட்டாக்ஸ் 912 போன்ற இன்ஜின்களில் எலக்ட்ரானிக் வந்துவிட்டது, அதிலும் இரண்டு தனித்தனி சர்க்யூட், மின்சாரமும் இன்ஜினே தயாரித்துக்கொள்கிறது. மேக்னெட்டோ தேயும் பொருள் என்பது உண்மை. ஸ்லிக், பெண்டிக்ஸ் வகைகளை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும். மகளிடம், அவள் ஓட்டுகிற விமானத்தின் லாக்புக்கில் அந்தச் சோதனை எப்போது நடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி மாணவி கேட்கலாமா என்று அவள் தயங்கினால், தாராளமாகக் கேட்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.