மழைல மலை ஏறப் போறவங்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, 'வாட்டர்ப்ரூஃப்'னு லேபிள் போட்ட ஜாக்கெட் 1,800 ரூபா. கார்த்திகைல ஒம்பது பேரா காளிகேசம் பக்கம் மலை ஏறப் போனோம், அரை மணிக்கூர் மழைக்கே தோள் நனைஞ்சிட்டு. கடைல திரும்ப எடுக்க மாட்டாங்களாம். வாங்கி பத்து நாள்தான் ஆச்சு, பில் இருக்கு. - தக்கலை

பதில்: மக்கா, எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சல் இது, நீளமாவே சொல்லுதேன். துணி தண்ணி விடாது, சரி, ஆனா தையல்ல ஊசி போன ஓட்டை விடும். ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்பி தோள், தொப்பி, அக்குள் தையலப் பாருங்க, அதுமேல டேப் ஒட்டியிருக்கணும், இல்லன்னா அது தூறலுக்கு மட்டும்தான். 'வாட்டர் ரெசிஸ்டென்ட்'னு போட்டிருந்தாலும் அதே கதைதான். இது தெரியாம எங்க அக்கா மவனுக்கு நான் 2,200 குடுத்து ஒண்ணு வாங்கினேன், பாலமோர்ல மழையும் மூடுபனியும் சேர்ந்து அடிச்சதுல பயலுக்குப் பல்லு கிட்டிப்போச்சு, கீழ எறங்கி ஒரு டீக்கடை அடுப்பு பக்கத்துல உக்கார வச்சு அவன் கைய தேச்சு விட்டேன், விரல் நுனி எல்லாம் வெளுத்து சுருங்கி இருந்து. காத்தடிக்கிற இடத்துல ஈரச்சட்டையோட நின்னா உடம்புச் சூடு இறங்கி ஆளையே கவுத்திரும், அதனாலதான் இவ்வளவு கோவம். நீங்க அந்த லேபிள பிய்க்காதீங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி குறையுள்ள பொருள பில்லுல சொன்ன நாளுக்குள்ள, நாள் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மறுக்கிறதே தப்பு. முதல்ல நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்கு அடிங்க. நடக்கலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, புகார 2 வருஷத்துக்குள்ள குடுக்கணும்.

கேள்வி: ரப்பர் செருப்பு போட்டு ஏறலாமா? - மார்த்தாண்டம்

பதில்: கூடாது. பாறை வழுக்கும், அட்டை கடிக்கும்.

கேள்வி: நாலு வருஷம் முன்னால வாங்கின ட்ரெக்கிங் ஷூ, பெட்டிலயே பத்திரமா வச்சிருந்தேன். இப்ப போட்டா அடி மாவா உதிருது. ஏமாத்திட்டாங்களா? - குளச்சல்

பதில்: இல்ல. சில ஷூவுக்கு அடி பாலியூரித்தேன்னு ஒரு வகை பிளாஸ்டிக், நம்ம கடக்கரை ஈரக்காத்து பட்டுப் பட்டு சும்மா இருந்தாலும் அது இத்துப்போகும். வாங்கினா போட்டு நடங்க. தள்ளுபடில எடுக்கும்போது பெட்டில தயாரிச்ச மாசம், வருஷம் பாத்து எடுங்க.

கேள்வி: ஆன்லைன்ல 199 ரூபா ரெயின்கோட் பன்னெண்டு வாங்கினோம். போறதுக்கு முந்தின ராத்திரி பிரிச்சா நாலு கிழிசல், ரிட்டர்ன் தேதியும் போச்சு. - நாகர்கோவில்

பதில்: பொதி வந்த அன்னைக்கே பிரிக்க என்ன கஷ்டம்? பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல? இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

கேள்வி: வாட்ஸ்அப்ல மலைக்கு கூட்டிட்டுப் போறதா ஒருத்தர் எங்க எட்டு பேர்ட்ட 16,000 வாங்கினார். வனத்துறை செக்போஸ்ட்ல அனுமதி இல்லன்னு திருப்பிட்டாங்க, மழைல நின்னோம். இப்ப போன எடுக்க மாட்டேங்குறார். - கல்லூரி மாணவி, தோவாளை

பதில்: உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. பணம் அனுப்பின ரசீது, அவர் போட்ட மெசேஜ் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, இன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, எட்டு பேரும் சேர்ந்து போலீஸ்லயும் எழுதிக் குடுங்க. அடுத்த தடவ வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு ஆன்லைன் புக்கிங்ல பாருங்க, 2024-ல தொடங்கினது, காளிகேசம் - பாலமோர் பாதையும் அதுல உண்டு, அனுமதியும் வழிகாட்டியும் அவங்களே தருவாங்க.