நாலு ஏக்கர் காட்டைக் கூட்டிப் பெருக்கலாமா?

கேள்வி: அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளைஞர் கழகம் நடத்துகிறோம். ஓடை பிறக்கும் இடத்தில் உள்ள நாலு ஏக்கர் காட்டைப் பராமரிக்க நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. சருகைக் கூட்டி, புதர்களை வெட்டி, பழமரம் நட்டு, விலங்குகள் குடிக்க ஒரு தொட்டி கட்டலாம் என்று யோசனை. வெயில் காலம் வர வரக் கடுமையாகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் விளக்குமாற்றைக் கீழே வையுங்கள், தம்பி. நீங்கள் எழுதியதில் சருகு கூட்டுவதுதான் அந்தக் காட்டுக்குப் பெரிய கேடு.

மழை பெய்த மறுநாள் காலையில் உள்ளே போய், ஒரு கை சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். கறுத்த மண்ணில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியிருக்கும். நம் மலைக்காட்டுத் தவளைகளில் பல அந்த மண்ணில்தான் பிறக்கின்றன. அவற்றுக்குக் குளமும் தேவையில்லை, தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது. பெண் தவளை ஈர மண்ணில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டு, முட்டையோடு மண்ணையும் சேர்த்துப் பிசைந்துவிடும். பார்த்தால் மண்கட்டி என்றுதான் நினைப்பீர்கள். அதிலிருந்து விரல்நகத்தை விடச் சிறிய முழுத் தவளை வெளியே வரும். அதற்கு முன் மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். சருகுதான் அந்த மண்ணின் போர்வை. மழைக்கு மழை இடைவெளி நீளும் காலத்தில் அதை எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது வெப்பம். நீங்கள் போர்வை தேடும் இரவில் மலையடிவாரத்து வெல்லவாயாவில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறைகிறது. அப்படியானால் காலநிலை 1 பாகை சூடாகும்போது, பழைய குளிர்ச்சியைத் தேடும் உயிர் சுமார் 160 மீட்டர் மேலே போக வேண்டும். கொம்பு ஓணான் ஏற்கெனவே மலையின் மேல்பாகத்துப் பாசி படிந்த மரங்களில்தான் வாழ்கிறது. ஹோர்ட்டன் சமவெளி சுமார் 2,100 மீட்டர். இலங்கையின் உச்சியான பிதுருதலாகல 2,524 மீட்டர். அதற்கு மேல் ஏற மலை இல்லை.

மேலே இருக்கும் காடு மிஞ்சியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1873-இல், கோப்பிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த நேரத்தில், 5,000 அடிக்கு மேலே வெட்ட வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். கீழே பெரும்பாலும் தோட்டமாகிவிட்டது. ஓடைப் பள்ளங்களில் மட்டும் உங்களுடையது போன்ற துண்டுகள் தங்கின. கீழிருந்து மேலே போகும் உயிர்களுக்கு அந்தத் துண்டுகள்தான் படிக்கட்டு. ஆகவே நாலு ஏக்கருக்குள் என்ன நடலாம் என்று யோசிப்பதை விட, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து பாருங்கள். எங்கே மர நிழல் அறுந்து மானாப் புல்லோ பைனஸ் மரமோ வருகிறதோ, அங்கே அடையாளம் வையுங்கள். நடுவதெல்லாம் அந்த இடைவெளிகளில் போதும். அங்கே போகும் வழியில் ஓடையின் இரு கரையிலும் முப்பது அடிக்காவது களைநாசினி தெளிக்காமல் விடச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். என் கணக்கில் நாற்று நடுவதை விட இந்த ஒன்று அதிகப் பலன் தரும். கெந்த போன்ற மரங்கள் தாமாகவே முளைக்கும், அவற்றின் பழத்துக்கு வரும் குருவிகள் மற்ற விதைகளைக் கொண்டுவந்து போடும். நடத்தான் வேண்டும் என்றால், உங்கள் காட்டிலேயே விழுந்த விதையைப் பொறுக்கி நாற்று போட்டு, ஐப்பசி மழையோடு நடுங்கள். கொய்யா, ஜம்பு எல்லாம் லயத்துத் தோட்டத்தில் இருக்கட்டும். காட்டுக்குள் வைத்தால் குரங்கும் பன்றியும் அங்கிருந்து உங்கள் காய்கறிப் பாத்திக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

புதரைப் பற்றி. காட்டு ஓரத்துப் புதர்தான் அதன் சுவர். அதை வெட்டினால் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். நாயுண்ணி வெளியிலிருந்து வந்த செடிதான், இருந்தாலும் ஓரத்தில் உள்ளதை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் நாட்டுச் செடி தலைக்கு மேல் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

கத்தி பிடிக்க ஆசைப்படும் பையன்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று. மானாப் புல்லிலும் பைனஸ் சருகிலும் ஒரு தீக்குச்சி விழுந்தால் போதும். மே மாதமே புல் பக்கமாகப் பத்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டி, தீ தாண்டாதபடி ஒரு தீக்கோடு போடுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே குவித்து வைக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

தொட்டி வேண்டாம். ஓடை ஓடும்வரை விலங்குக்கு அது போதும். ஒரே இடத்தில் விலங்குகள் கூடினால், கண்ணி வைப்பவனுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது போலாகும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் பன்றிக் கண்ணியில் கழுத்து மாட்டிய ஒரு கருஞ்சிறுத்தையை மீட்டார்கள். சில நாள்களிலேயே அது இறந்துபோனது. அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. தொட்டிக்கு ஒதுக்கிய நேரத்தில் வாரம் ஒருமுறை காட்டைச் சுற்றி நடந்து கம்பிகளைக் கழற்றுங்கள். உயிரோடு ஏதாவது சிக்கியிருந்தால் கிட்டப் போகாமல், கூட்டம் கூட விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992-க்கு அழையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். தோட்ட ஆபீஸில் மழைப் பதிவு வைத்திருப்பார்கள், கேட்டு அந்தக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பீலியில் (தண்ணீர் பிடிக்கும் குழாயில்) தண்ணீர் மெலிந்த நாள், முதல் மழைக்குத் தவளை கத்திய நாள், ஓடையின் எந்தத் திருப்பத்தில் கடைசிவரை ஈரம் நின்றது என்பதைக் குறியுங்கள். அந்தத் திருப்பத்துக்கு மேலேயும் கீழேயும்தான் உங்கள் முதல் நாற்றுகள் போக வேண்டும்.