ஒலிம்பிக் கோட்டா யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் மகள் இரண்டு வருடங்களாக எயார் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடப் பழகி வருகிறாள். ஒலிம்பிக்குக்குக் கோட்டா, அதாவது போட்டியிடும் இடம், வென்ற ஒருவரை விட்டுவிட்டு வேறொருவரை அனுப்பலாம் என்று பயிற்றுநர் சொன்னது உண்மையா? அப்படியென்றால் வென்றவருக்கு என்ன பயன்?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உண்மைதான். துப்பாக்கி என்றாலே பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வருவதே எனக்கு மகிழ்ச்சி.

உலகச் சம்பியன்ஷிப், ஆசியச் சம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் முன்னிலை பெறுபவர் வெல்லும் இடம், பொதுவாக அவருடைய நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கே உரியது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலுக்கு உலகம் முழுவதற்கும் 340 இடங்களே இருந்தன; ஒரு நாடு ஒரு பிரிவில் அதிகபட்சம் இருவரையே இறக்கலாம். எனவே உள்நாட்டுத் தெரிவுப்போட்டியில் பின்தங்கினால், கோட்டாவைக் கொண்டுவந்தவரே வீட்டில் இருக்க நேரலாம். கடுமையான விதிதான்; ஆனாலும் போட்டி நாளில் யார் நன்றாகச் சுடுகிறாரோ அவர் போகட்டும் என்பதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அனுப்பப்படுபவர் யாராயினும், சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் அங்கீகரித்த போட்டியொன்றில், குறித்த காலத்துக்குள், குறைந்தபட்சத் தகைமைப் புள்ளியை எடுத்திருக்க வேண்டும். பயிற்சிக்கூடத்தில் எடுத்த புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் இதற்குச் செல்லாது. சிறிய அணிகளைக் கொண்ட நாடுகளுக்கென்று தனியாக அழைப்பிடங்களும் உண்டு. அவை வீரரின் பெயருக்கே வழங்கப்படுவதால் இன்னொருவருக்கு மாற்ற முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கை சார்பில் 10 மீற்றர் எயார் ரைபிளில் சுட்டவர் தெஹானி எகொடவெல.

மேலே சொன்ன தகைமைப் புள்ளி எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மீற்றர் தூரத்திலுள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமானது. ஒரு நெல்மணியின் தடிப்புக்கூட அதற்கு இல்லை. பாயும் ரவையோ 4.5 மில்லிமீற்றர். மிகச் சரியாக நடுவில் பட்டால் 10.9, அறுபது ரவைகளுக்கு உச்சம் 654. தகுதிச் சுற்றில் முதல் எட்டுப் பேரே இறுதிக்குப் போவதால், தசமப் புள்ளி ஒன்று குறைந்தாலும் ஒன்பதாம் இடத்தில் நின்றுவிடலாம்.

அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஒன்றான உலகக் கிண்ணப் போட்டிக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது. பெயரைத் தேசியச் சம்மேளனமே அனுப்பும். ஆகையால் மகளின் பெயர் முதலில் தேசியப் போட்டிகளின் பெறுபேற்றுப் பட்டியலில் வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு பயிற்சியின் அறுபது ரவைகளையும் தசமத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவளுடைய மிகச் சிறந்த நாளைவிட, சாதாரண நாளில் எவ்வளவு எடுக்கிறாள் என்பதைத்தான் பயிற்றுநர் முதலில் பார்ப்பார்.